ஒன்பதாம் மனை டிரெய்லர் தேறுமா?

ஃபிளின்ட், மிச்சிகன்
செப்டம்பர் 12, 1993

அன்புள்ள வெர்லி அக்காவுக்கு,

தம்பி ஆர்வில் எழுதுவது. உன் முழங்கால், உன் காது இரண்டையும் தனித்தனியாக விசாரித்ததாக வைத்துக்கொள். எனக்கு ஒரு குறையும் இல்லை.

நீ அனுப்பிய பீன்ஸ் ஊறுகாய் ஜாடிகள் உடையாமல் வந்து சேர்ந்தன. அவற்றைச் சுற்றியிருந்த நம் ஊர்ப் பத்திரிகையைப் பிரித்து, கையால் நீவி, வரி விளம்பரம் வரைக்கும் படித்தேன். நீ குடியிருக்கும் டிரெய்லர் பார்க்கில், ஒன்பதாம் மனையில், ஒரு டிரெய்லர் வீடு விலைக்கு என்று போட்டிருந்தது. 1971இல் செய்தது, பன்னிரண்டடிக்கு அறுபதடி, இரண்டு படுக்கையறை, மூவாயிரத்து இருநூறு டாலர். அது உன் வீட்டுக்கு இரண்டு மனை தள்ளித்தானே இருக்கிறது?

தொழிற்சாலையில் ஐம்பத்தைந்து தாண்டியவர்களை ஒரு தொகை கொடுத்து முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பினார்கள். என் பங்கு பாங்கில் சும்மா கிடக்கிறது. அதை வாங்கிப் போட்டு வாடகைக்கு விட்டால் என்ன என்று ஒரு யோசனை. முதலீடு என்று வைத்துக்கொள்ளேன்.

ஹோபர்ட் அத்தான் முப்பது வருஷம் டிரெய்லர்களை இழுத்து வந்து கட்டைமேல் ஏற்றி நிறுத்தினார். அத்தனை வருஷமும் பக்கத்தில் ரசமட்டம் பிடித்து நின்றவள் நீ. பழைய டிரெய்லரைப் பற்றி உன் வாயிலிருந்து பொய் வராது என்று அந்த மாவட்டத்துக்கே தெரியும். ஒருமுறை போய்ப் பார்த்து, தேறுமா தேறாதா என்று உள்ளதை உள்ளபடி எழுது. தம்பியாயிற்றே என்று பூசி மெழுகாதே. போனில் கேட்டிருப்பேன், ஆனால் நீ "ஆங்? ஆங்?" என்று கத்துவதிலேயே காசு கரைந்துவிடும்.

வீட்டில் மராமத்து நடக்கிறது. கடிதத்தை மேலே உள்ள முகவரிக்கே போடு, நண்பர் வீடுதான்.

உன் தம்பி,
ஆர்வில்


ஹிக்கரி பெண்ட், கென்டக்கி
செப்டம்பர் 19, 1993

என் தம்பி ஆர்விலுக்கு,

முழங்கால் மழைக்கு முன்னால் வலிக்கிறது, மழை நின்றதும் வலிக்கிறது. இடது காது போயேவிட்டது. மற்றபடி கர்த்தர் கிருபையில் நன்றாக இருக்கிறேன். உன் பெண்டாட்டி மோஸெல் எப்படி இருக்கிறாள்? உன் கடிதத்தில் அவள் பேரே இல்லை. மராமத்து என்கிறாயே, அவள் என்ன அரண்மனையா கட்டுகிறாள்?

ஒன்பதாம் மனை டெல்ஃபாவுடையது. அவளை மகள் டென்னசிக்கு அழைத்துப் போய்விட்டாள். விற்பது அவள் அக்காள் மகன் ராண்டல். அவனை உனக்குத் தெரியாது, தெரியாதவரைக்கும் நல்லது. திறந்துகாட்டச் சொன்னேன்.

கூடத்தில் தரை பரவாயில்லை. குளியலறைக்கு முன்னால் கால் வைத்தேன், மெத்தையில் வைத்தது போல உள்ளே இறங்கியது. ராண்டலைப் பார்த்தேன்.

"அது கார்ப்பெட்டு, அத்தை, மெத்து மெத்துன்னு இருக்கும்" என்றான்.

"அப்படியா? எங்க, அது மேல ஏறி ஒரு குதி குதிச்சுக் காட்டு பாப்போம்."

"எனக்கு இடுப்பு வலி."

"உனக்கு இல்லடா, இந்த வீட்டுக்குத்தான் இடுப்பு போயிருச்சு."

பிறகு ஹோபர்ட் வழக்கப்படி ஒரு கோலியைக் குளியலறை வாசலில் வைத்தேன். அது தானாகக் கிளம்பி, சமையலறையைத் தாண்டி, அடுப்புக்கடியில் போய் நின்றது. ஒருபக்கக் கட்டைகள் மண்ணுக்குள் இறங்கிவிட்டன என்று அர்த்தம். கூரைமேல் எத்தனை தடவை தார் பூசியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். நான்கு பூச்சு. நான்கு தடவை ஒழுகியிருக்கிறது.

பார்த்தவரை தேறாது. ஆனால் கீழே ஊர்ந்து போய்ப் பார்க்காமல் நான் தீர்ப்பு சொல்வதில்லை. கால்வலி குறையட்டும், போகிறேன்.

உனக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்றுதான் புரியவில்லை. என் தம்பிக்கு மூன்று படுக்கையறையோடு செங்கல் வீடு என்று பார்க்கில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிவைத்திருக்கிறேன். நம் குடும்பத்தில் சக்கரம் இல்லாத வீட்டுக்குப் போனவன் நீ ஒருவன்தான்.

அன்புடன் அக்கா,
வெர்லி


ஃபிளின்ட்
அக்டோபர் 1, 1993

அன்புள்ள அக்காவுக்கு,

கால்வலியோடு எனக்காக அலைகிறாய். கீழே ஊர்வதெல்லாம் வேண்டாம், யாரையாவது அனுப்பு. இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. மோஸெலைப் பற்றிப் பிறகு விவரமாக எழுதுகிறேன்.

சில விஷயங்கள் மட்டும் தெரிந்தால் போதும். வாடகைக்கு வருகிறவர் வயதானவராக இருக்கலாம், தனி ஆளாக இருக்கலாம். அப்படி ஒருவர் என் மனதில் இருக்கிறார். அவருக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கும். வாசலில் எத்தனை படி? படியை எடுத்துவிட்டுச் சரிவாகப் பலகை போட இடம் இருக்கிறதா? பின்படுக்கையறை வரை சூடு வருகிறதா? குளிர்ந்த அறையில் அவரால் படுக்க முடியாது. குளியலறைக் கதவு எவ்வளவு அகலம்? பின்னால் சக்கர நாற்காலி தேவைப்பட்டால் நுழையுமா?

இன்னொன்று. அந்த வீட்டிலிருந்து ஒருவர் கூப்பிட்டால் உன் வீட்டில் கேட்குமா? உன் வலது காதைச் சொல்கிறேன். தனி ஆள் என்பதால் கேட்கிறேன்.

நீ சமைக்கும் நாளில் ஒரு தட்டு சோள ரொட்டியும் பீன்ஸும் அவருக்குக் கொடுப்பாயா என்றுகூட யோசித்தேன். வாடகைக்காரரை ரொம்பத்தான் தாங்குகிறேன் என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள்.

தரை மட்டும்தான் பிரச்சினை என்றால் மாற்றிவிடலாம். கோலி உருண்டதற்காக ஒரு வீட்டை வேண்டாம் என்று சொல்லாதே.

உன் தம்பி,
ஆர்வில்


ஹிக்கரி பெண்ட்
அக்டோபர் 9, 1993

என் தம்பிக்கு,

நான் சுகம். நீ சளி பிடிக்காமல் இருக்கிறாயா? மார்பில் வேப்பரப் தைலம் தேய்த்துக்கொண்டு படு.

யாரையோ அனுப்பச் சொன்னாய். டிரெய்லருக்கடியில் அடுத்தவனை அனுப்பிவிட்டு நான் தீர்ப்புச் சொல்லவா? செவ்வாய்க்கிழமை ஹோபர்ட்டின் பழைய முழுநீளச் சட்டையைப் போட்டுக்கொண்டு, டார்ச்சோடு, சுற்றுத்தகட்டைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். கீழே கட்டியிருந்த தார்ச்சீலை கிழிந்து தொங்குகிறது, அதற்குள் பெருச்சாளி போல வாலை நீட்டிக்கொண்டு ஒரு ஒபாசம் குடும்பம். சூட்டைப் பின்னறைக்குக் கொண்டுபோகும் தகரக் குழாய் பாதியில் கழன்று மண்ணில் கிடக்கிறது. ஆகையால் உன் வாடகைக்காரருக்குச் சூடு வராது, ஒபாசத்துக்குத்தான் வரும். மின்சாரக் கம்பியெல்லாம் அலுமினியம், எப்போது தீப்பிடிக்குமோ. வாசலில் நான்கு படி, நான்கும் ஆட்டம். குளியலறைக் கதவு இருபத்துமூன்று அங்குலம், நாற்காலி நுழையாது. கூப்பிட்டால் எனக்குக் கேட்குமா என்றாய். காற்று என் பக்கம் வீசினால் கேட்கும்.

எழுபத்தாறுக்குப் பிறகு செய்ததில் பின்பக்கம் அரசாங்கத்தின் சிவப்புத் தகடு ஒன்று அடித்திருக்கும். இதில் இல்லை. தகடு இல்லாவிட்டால் பாங்க் கடன் தராது, இன்சூரன்ஸ்காரன் திரும்பிப் பார்க்கமாட்டான், நாளைக்கு நீ விற்கப்போனால் கையில் பணம் வைத்திருக்கும் பைத்தியக்காரன் ஒருவன் கிடைத்தால்தான் உண்டு. செங்கல் வீடு வருஷத்துக்கு வருஷம் விலை ஏறும். இது கார் மாதிரி இறங்கும். மண்ணும் உனதில்லை, மண்ணுக்கு மாதாமாதம் தனி வாடகை.

இவ்வளவும் போதாதென்று பார்க் முதலாளி பிளெவின்ஸிடமும் பேசினேன்.

"இருபது வருசத்துக்கு மேல ஆன பெட்டி கை மாறுச்சுன்னா பார்க்கை விட்டு வெளிய போயிரணும் வெர்லியம்மா. அதுதான் சட்டம். வாடகைக்கு விடுற பேச்சே கிடையாது."

"எம் தம்பி கேக்குறான்."

"தம்பி வாடகைக்கு விடவா, குடியிருக்கவா? இங்க இருக்கவங்களோட கூடப் பொறந்தவரு, அவரே வந்து குடியிருந்தாருன்னா நான் கண்டுக்க மாட்டேன். வயசான காலத்துல அக்காவும் தம்பியும் பக்கத்துல இருங்களேன்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "எம் தம்பியா? செங்கல் வீட்ட விட்டுட்டு இந்தத் தகர டப்பாவுக்கா? அவன் இங்க மூணு நாள் தங்குனாலே நாலாம் நாள் கடிகாரத்தப் பாப்பான்" என்றேன். அவரும் சிரித்தார்.

ஆக, என் தீர்ப்பு தேறாது. யாரோ ஒரு கிழவருக்காக உன் பணத்தைக் குழியில் போடாதே.

அன்புடன் அக்கா,
வெர்லி


ஃபிளின்ட்
அக்டோபர் 17, 1993

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ மண்ணில் ஊர்ந்ததை நினைத்து வருத்தமும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. அத்தான் இருந்தால் உன்னைப் பார்த்துப் பெருமைப்பட்டிருப்பார்.

பிளெவின்ஸ் சொன்னதை நான்கைந்து தடவை படித்தேன். நல்ல மனுஷர் போலிருக்கிறது.

சும்மா கேட்கிறேன் அக்கா. ஒரு பேச்சுக்குத்தான். நானே வந்து அந்த டப்பாவில் உட்கார்ந்துவிட்டால் நீ என்ன செய்வாய்? தரையை நானே மாற்றுவேன், குழாயை நானே தூக்கிக் கட்டுவேன். முப்பத்தாறு வருஷம் கார் கதவு மாட்டின கைக்கு அது பெரிய வேலையா? ஒபாசத்தை மட்டும் நீ காலி பண்ணிக் கொடு.

விளையாட்டுக்குத்தான் எழுதினேன். ஆனாலும் பதில் போடு.

ஆர்வில்


ஹிக்கரி பெண்ட்
அக்டோபர் 25, 1993

ஆர்விலுக்கு,

முதலில் நலம் கேட்டுவிடுகிறேன், பிறகு திட்டுகிறேன். உன் கையெழுத்து ஏன் இப்படிக் கோணிக்கொண்டு போகிறது? கண்ணாடி மாற்று.

நீ வந்து உட்கார்ந்தால் என்ன செய்வேனா? மோஸெல் என்னைத் துடைப்பத்தால் அடிக்காமல் இருக்க ஒளிய இடம் தேடுவேன். அவளுக்கு இந்தப் பக்கத்துக் காற்றே ஆகாது. ஹோபர்ட் செத்த அன்றைக்குக்கூட செருப்பைத் தட்டித் தட்டித்தான் என் வாசலில் நின்றாள். நீயோ பத்தொன்பது வயதில் பஸ் ஏறும்போது, "செத்தாலும் இந்த ஓடைப் பக்கம் குடியிருக்க வரமாட்டேன்" என்று அம்மா முகத்துக்கு நேராகச் சொன்னவன். அம்மா மறந்தாலும் நான் மறக்கவில்லை.

எனக்கு உன் நோக்கம் புரிகிறது. வேலை போனதும் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, எதையாவது பிரித்துப் பூட்ட வேண்டும் போலிருக்கிறது. அதற்கு ஒரு பழைய படகை வாங்கு. இவ்வளவு சொன்ன பிறகும் இந்த டிரெய்லரை வாங்கினாயானால், வெர்லி சொல்லவில்லை என்று மட்டும் பின்னால் சொல்லாதே. ராண்டலிடம் நானே வேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா?

மோஸெலுக்கு என் அன்பைச் சொல். உண்மையாகத்தான் சொல்கிறேன்.

அக்கா,
வெர்லி


ஃபிளின்ட்
டிசம்பர் 14, 1993

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுத இத்தனை நாளானதற்கு மன்னித்துக்கொள். நலம் என்றே வைத்துக்கொள். இங்கே முழங்கால் வரை பனி.

ராண்டலிடம் வேண்டாம் என்று சொல்லிவிடு. நீ சொன்னதெல்லாம் சரி. முதலீடாகப் பார்த்தால் அதில் ஒன்றுமே இல்லை. நான் சொன்ன அந்த வாடகைக்காரரும் வேறு இடம் பார்த்துக்கொண்டார். உனக்குத்தான் வீண் அலைச்சல்.

கிறிஸ்துமஸுக்கு ஒரு கையுறையும் கம்பளிச் சால்வையும் தனியாக அனுப்பியிருக்கிறேன். சால்வையை எடுத்துவைக்காதே, போர்த்திக்கொள்.

அம்மாவிடம் நான் சொன்னதை நீ நினைவு வைத்திருக்கிறாய். நானும் வைத்திருக்கிறேன்.

உன் தம்பி,
ஆர்வில்


ஹிக்கரி பெண்ட்
ஜனவரி 16, 1994

என் தம்பிக்கு,

சால்வை போர்த்திக்கொண்டுதான் எழுதுகிறேன். இவ்வளவு நல்ல சாமானை எனக்கு ஏன் வாங்கினாய்? காசு உனக்குக் கடிக்கிறதா? உன் உடம்புக்கு எப்படி இருக்கிறது, நலம் என்று வைத்துக்கொள்ளச் சொன்னாய், நான் ஏன் வைத்துக்கொள்ள வேண்டும், நீ சொல்லேன்.

ஒன்பதாம் மனைக் கதை முடிந்தது. வாங்க ஆளில்லாமல் ராண்டல் மனை வாடகையை நிறுத்திவிட்டான். பிளெவின்ஸ் போன வியாழக்கிழமை லாரி வைத்து அதை இழுத்துப் போடச் சொல்லிவிட்டார். பார்க்கே வெளியே வந்து வேடிக்கை பார்த்தது. அச்சாணி துருவேறிக் கிடந்தது, வேறு சக்கரம் மாட்டினார்கள். சாலை வளைவு வரை வந்தது. அங்கே திரும்பும்போது குளியலறைக்கு நேராக இரண்டாகப் பிளந்து, வெந்நீர்த் தொட்டி சாலையில் உருண்டது. நான் காட்டிய அதே இடம். பக்கத்து மனை இர்மா, "வெர்லி, உன் வாய்க்கு பயந்துதான் அது உடைஞ்சுது" என்றாள். அந்தப் பணம் உன் பணமாக இருந்திருந்தால் என்று நினைத்துப் பார். நல்லவேளை, என் பேச்சைக் கேட்டாய்.

பதில் போடு. இந்தத் தடவை மோஸெலைப் பற்றி ஒரு வரியாவது எழுது.

அக்கா,
வெர்லி


ஹிக்கரி பெண்ட்
பிப்ரவரி 20, 1994

ஆர்வில்,

ஐந்து வாரமாகிறது. உன் பழைய வீட்டு நம்பருக்கு போன் செய்தேன். யாரோ ஒரு சின்னப் பெண் எடுத்தாள். என் வலது காதில் வைத்து மூன்று தடவை கேட்டேன். அந்த வீட்டை அவர்கள் போன ஜூனிலேயே வாங்கிவிட்டார்களாம்.

கோபமில்லை. எங்கே இருக்கிறாய் என்று மட்டும் எழுது.

வெர்லி


ஃபிளின்ட்
மார்ச் 2, 1994

மதிப்புக்குரிய வெர்லி அம்மாவுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. என் பெயர் வாண்டா நோவிக்கி. உங்கள் தம்பி சென்ற ஜூலையிலிருந்து என் வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருக்கிறார். பழைய முகவரிக்கு வரும் தபாலையும் இங்கே திருப்பிவிடச் செய்திருந்தார். நீங்கள் நலமாக இருக்க வேண்டுகிறேன். என் கடிதம் நல்ல சேதி கொண்டுவரவில்லை, அதற்கு மன்னியுங்கள்.

அவர் ஜனவரி ஒன்பதாம் தேதியிலிருந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார். நுரையீரல் இரண்டும் கெட்டுவிட்டன. இது சென்ற வசந்தத்திலேயே அவருக்குத் தெரியும். அதே சமயத்தில்தான் மனைவியும் விவாகரத்து வாங்கிக்கொண்டு கலிஃபோர்னியா போனார், வீட்டை விற்றுப் பங்கு பிரித்தார்கள். உங்களுக்கு உண்மையை எழுதச் சொல்லி எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். "எங்கக்கா ஊரெல்லாம் என் செங்கல் வீட்டப் பத்திச் சொல்லி வெச்சிருக்கா. அவள எப்படி நான் தலகுனிய வைக்கிறது?" என்பார்.

உங்கள் இரண்டு கடிதங்களும் பிரிக்காமல் அவருடைய மேசைமேல் இருக்கின்றன. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டாம் என்கிறார். படித்தால் பதில் எழுதவேண்டும், எழுதினால் எங்கிருந்து என்று எழுதவேண்டும், அதனால் வேண்டாமாம். நான் அவர் பேச்சை மீறித்தான் உங்கள் முகவரியைப் பார்த்து எழுதுகிறேன்.

ஒன்றைச் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். செப்டம்பரில் அவர் இரண்டு பெட்டிகளில் எல்லாவற்றையும் கட்டிவைத்திருந்தார். "கென்டக்கியில எங்கக்காவுக்கு ரெண்டு வீடு தள்ளி ஒரு எடம் வருது. அவ பாத்துட்டு எழுதுனதும் கெளம்பிருவேன்" என்று தினமும் சொல்வார். படியேற முடியாத மனுஷர், தபால்காரர் வரும் நேரத்துக்குக் கீழே இறங்கி வந்து உட்கார்ந்திருப்பார். அக்டோபர் கடைசியில் ஒரு நாள் மேலே போனேன். பெட்டிகளைத் திறந்து சட்டைகளை ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தார். என்னாயிற்று என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, வசந்தம் வரைக்கும் இந்த ரூம்லயே இருந்துக்கட்டுமா?" என்றார்.

டாக்டர்கள் நாள் சொல்ல மறுக்கிறார்கள். வர முடிந்தால் வாருங்கள்.

வாண்டா நோவிக்கி


ஹிக்கரி பெண்ட்
மார்ச் 7, 1994

வாண்டா அம்மாவுக்கு,

நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். கடிதம் இன்று வந்தது. வெள்ளிக்கிழமை பஸ்ஸில் கிளம்பி சனிக்கிழமை காலையில் வந்துவிடுவேன்.

அவன் என்னிடம் வீட்டைப் பற்றிக் கேட்டான். நான் வீட்டைப் பற்றியே பதில் எழுதினேன். படி எத்தனை, கதவு எத்தனை அங்குலம் என்று அளந்து எழுதினேனே தவிர, யாருக்குடா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானே வந்தால் என்ன செய்வாய் என்றுகூடக் கேட்டான் அம்மா. படகு வாங்கு என்று எழுதினேன்.

மேசைமேல் இருக்கும் என் ஜனவரிக் கடிதத்தை எக்காரணம் கொண்டும் அவன் கண்ணில் காட்டாதீர்கள். எடுத்து ஒளித்துவையுங்கள், வந்து வாங்கிக்கொள்கிறேன்.

வெர்லி


ஹிக்கரி பெண்ட்
ஏப்ரல் 3, 1994

அன்புள்ள வாண்டாவுக்கு,

ஊர் வந்து சேர்ந்துவிட்டேன். உங்கள் கால் வீக்கம் வடிந்ததா? எனக்குப் படுக்கையும் சூப்பும் கொடுத்த கைக்கு ஒரு குறையும் வராது.

அவனை மேட்டுக் கல்லறையில், அம்மாவுக்குப் பக்கத்தில் வைத்தோம். சபை வழக்கப்படி ஆண்களே குழி வெட்டினார்கள். பிளெவின்ஸும் ஒரு மண்வெட்டியோடு வந்திருந்தார். என் முகத்தைப் பார்க்காமல் வேலை செய்தார். இர்மா மூன்று நாள் சமைத்துப் போட்டாள், நான்தான் சாப்பிடவில்லை.

ஆஸ்பத்திரியில் அந்த நான்கு நாளும் என்ன பேசினோம் என்று பஸ் நிலையத்தில் கேட்டீர்கள். இப்போது சொல்கிறேன், நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவர்.

முதல் இரண்டு நாள் அம்மாவைப் பற்றியும், ஓடையில் பிடித்த நண்டுகளைப் பற்றியும் பேசினோம். மோஸெலைப் பற்றிப் பேசவில்லை. ஏன் மறைத்தாய் என்று நான் கேட்கவில்லை, ஏன் புரியவில்லை என்று அவனும் கேட்கவில்லை. அவன் உடம்பு அந்தக் கட்டிலில் பாதிகூட இல்லை வாண்டா. கார் கதவைத் தூக்கி மாட்டின கைக்குத் தண்ணீர்க் குவளையைத் தூக்க முடியவில்லை. மூன்றாம் நாள் மூக்கிலிருந்த குழாயைக் கொஞ்சம் விலக்கிக்கொண்டு கேட்டான்.

"அக்கா, அந்த ஒம்பதாம் நம்பர் வித்துருச்சா?"

"வித்துருச்சு."

"யாரு வாங்குனா?"

"நான்தான்."

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். "உனக்கென்ன கிறுக்கா? தேறாதுன்னு நீதான எழுதுன?"

"சரியாப் பாக்காம எழுதிட்டேன்டா. மறுபடி கீழ போய்ப் பாத்தேன். அடிச்சட்டமெல்லாம் கல்லு மாதிரி இருக்கு. தரைய மட்டும் மாத்துனேன். படிய எடுத்துட்டு சரிவாப் பலகை போட்டாச்சு. குளியலறைக் கதவையும் அகலப்படுத்தச் சொல்லியிருக்கேன்."

"ரூமுக்குச் சூடு வருதா?"

"வேர்த்துக் கொட்டுது."

கண்ணை மூடிக்கொண்டான். தூங்கிவிட்டான் என்று நினைத்தேன்.

"வாடகைக்கு ஆளு வெச்சிட்டியா?"

"ஒருத்தரு வர்றதா இருக்காரு. மூச்சு வாங்குற ஆளு. அவருக்காகத்தான் பூட்டி வெச்சிருக்கேன்."

"நல்ல ஆளா?"

"தங்கமான ஆளு. வாயத் தொறந்து தனக்குன்னு எதையும் கேக்க மாட்டாரு, அது ஒண்ணுதான் குறை."

அவன் சிரித்தான், சிரித்ததால் இருமினான், இருமி முடித்ததும் என் கையை எடுத்துத் தன் கன்னத்தின் கீழே வைத்துக்கொண்டான். "அப்ப தேறும்ங்கிற" என்றான். "தேறும்டா" என்றேன். மறுநாள் மதியம், நீங்கள் சூப்போடு வந்து நின்றீர்களே, அதற்குக் கால்மணி நேரம் முன்னால் போய்விட்டான்.

இந்த மாவட்டத்தில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பழைய டிரெய்லரைப் பற்றி நான் சொன்ன ஒரே பொய் அதுதான். அவன் அக்டோபரில் கேட்டபோதே நான் அதைச் சொல்லியிருந்தால், அது பொய்யாகவே இருந்திருக்காது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெர்லி